இலவசம்தான், ஆனால் எதை எடுப்பது? தொடக்க வகுப்புச் சமூக அறிவியலுக்கான இணையக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

"கூகுள் எர்த் காட்டலாமா, டைம்லைன் செய்ய வைக்கலாமா, இல்லை ஸ்க்ராட்சில் இறங்கலாமா? எல்லாமே இலவசம் என்கிறார்கள். எனக்கு இருப்பதோ வாரத்துக்கு இரண்டு பாடவேளை." தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பலர் ஏறக்குறைய இதே சொற்களில் கேட்கிறார்கள். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். கருவிகளின் பட்டியல் கிடைப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஐம்பது கருவிகளின் பட்டியலைப் பார்த்ததும் கை ஓடாமல் நிற்பதுதான் சிரமம்.

என் பதில் கருவியிலிருந்து தொடங்குவதில்லை. இந்த வயதில் சமூக அறிவியல் என்பது நான்கு கேள்விகள்தான். அது எங்கே இருக்கிறது? அது எப்போது நடந்தது? மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? மனிதர்கள் ஏன் அப்படி முடிவு செய்தார்கள்? நாளைய பாடம் இந்த நான்கில் எதைக் கேட்கிறது என்று தெரிந்துவிட்டால், பட்டியலில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும். மீதி இருப்பவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

குழந்தையின் கை என்ன செய்கிறது? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். குழந்தை வெறுமனே பார்க்கிறதா, தேடுகிறதா, செய்கிறதா? வண்ணமயமான திரையை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் படைப்பூக்கம் மிகுந்தது ஆகிவிடாது.

கணக்கு வேண்டுமா? பல கருவிகள் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தனியாகக் கணக்குத் தொடங்குவதை அனுமதிப்பதில்லை. குழந்தைகளின் விவரங்களைத் திரட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்து அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டம் அந்த வயதைக் கோடாகப் போட்டது. உலகெங்கும் பயன்படும் சேவைகள் பல அதையே பின்பற்றுகின்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள். "பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக்கொள்" என்று ஆசிரியரே சொல்லும் நிலை வந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். பொய் சொல்லிச் சேரலாம் என்பதுதான் அன்று அந்தப் பிள்ளை கற்கும் முதல் பாடமாக இருக்கும்.

உங்கள் நேரம். ஒரு பாடவேளைக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு தேவைப்படும் கருவி இலவசம் ஆகாது. அதன் விலையை உங்கள் இரவுகள் கொடுக்கின்றன.

எத்தனை கணினி, எவ்வளவு இணையம்? ஒரே மடிக்கணினியும் புரொஜெக்டரும் உள்ள வகுப்புக்கும், ஆளுக்கொரு கருவி உள்ள வகுப்புக்கும் ஒரே விடை பொருந்தாது.

குழந்தைகள் செய்ததை வெளியே எடுத்துப்போக முடியுமா? இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. வகுப்பறைகளை மெய்நிகர்ப் பயணம் அழைத்துச் சென்ற கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021-இல் நிறுத்தப்பட்டது. ஜாம்போர்டு என்ற வெண்பலகை 2024-இன் இறுதியோடு முடிந்தது. நானும் ஒரு வகுப்பின் ஓராண்டு வேலையை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, அந்தச் சேவை மூடப்படும் அறிவிப்பைத் தாமதமாகப் பார்த்து, பாதியைத்தான் மீட்டேன். "என் படம் எங்கே டீச்சர்?" என்று கேட்ட குழந்தைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கோப்பாகச் சேமிக்க முடியாத எதிலும் குழந்தைகளின் வேலையை அதன் பிறகு நான் வைப்பதில்லை.

## கூகுள் எர்த்: "எங்கே?" என்ற கேள்விக்கு

ஒரே ஒரு கருவியைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பார்ப்பதற்குக் கணக்கு வேண்டாம், உலாவியிலேயே திறக்கும், ஒரே புரொஜெக்டர் போதும்.

இதன் முதல் பலன் மிக எளியது: உலகம் உருண்டையாகத் தெரியும். சுவரில் தொங்கும் உலகப் படங்கள் பலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாக இருக்கும். 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் கடலோடிகளுக்காக வரைந்த முறை அது. திசை பிசகாது, ஆனால் துருவங்களை நெருங்க நெருங்கப் பரப்பு ஊதிப்போகும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல ஏறத்தாழ 14 மடங்கு. சுவர்ப் படத்தைப் பார்த்து "எது பெரிது?" என்று முதலில் கேட்டு எல்லோர் பதிலையும் பலகையில் எழுதிவிடுங்கள். அப்புறம் உருண்டையைச் சுழற்றி இரண்டையும் காட்டுங்கள். வரைபடம் என்பது ஒருவர் ஒரு தேவைக்காக எடுத்த முடிவு என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். இதையே பத்தி பத்தியாக விளக்கினால் புரிய வைப்பது கடினம்.

இரண்டாவது பலன் டைம்லாப்ஸ். 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாக ஓட்டிக் காட்டும் வசதி இது. மத்திய ஆசியாவில் உள்ள ஏரல் கடலுக்குப் போங்கள். எதுவும் சொல்லாமல் இரண்டு முறை ஓட விடுங்கள். ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த நீர்ப்பரப்பு கண்முன்னே சுருங்கி, வெளிறிய தரையாகும். காரணம் கேட்டால் அநேகமாக மழை பொய்த்தது என்பார்கள். அப்போது அந்த ஏரியில் வந்து விழுந்த அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளையும் படத்தில் தேடிப் பின்தொடரச் சொல்லுங்கள். வழியில் பச்சை வயல்கள் வரும். 1960-கள் முதல் பெருமளவு நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். "எங்கே?" என்று தொடங்கிய பாடம் "ஏன் அப்படி முடிவு செய்தார்கள்?" என்பதில் வந்து நிற்கும்.

செய்து பார்க்கவும் இடம் உண்டு. ஒரு நதியின் பயணத்தையோ ஒரு வணிகப் பாதையையோ நான்கு ஐந்து இடக்குறிகளாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதி, ஒரு சுற்றுலாவாக்கலாம். உலாவிப் பதிப்பில் இதைச் சேமித்துப் பகிர ஆசிரியரின் கணக்கு வேண்டும். கணினியில் நிறுவும் எர்த் ப்ரோ பதிப்பும் இலவசம்தான். அதில் உள்நுழையாமலே இடக்குறிகள் வைத்து, கே.எம்.எல். என்ற இடக்குறிக் கோப்பாக உங்கள் கணினியில் சேமித்துக்கொள்ளலாம்.

மறைவான செலவுகளும் இருக்கின்றன. முதலாவது இணையம். படங்கள் கனமானவை, பழைய கணினி திணறும். இரண்டாவது, குழந்தைகள் முதல் பத்து நிமிடம் உருண்டையைச் சுழற்றி விளையாடத்தான் செய்வார்கள். அதைத் தடுக்காமல் பாடக்குறிப்பிலேயே அந்தப் பத்து நிமிடத்தை எழுதிவிடுங்கள். மூன்றாவது, எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடுவார்கள். தேடட்டும், ஆனால் பகிரப்படும் எந்தத் திட்டத்திலும் வீட்டுக்கு இடக்குறி வேண்டாம். நான்காவதைச் சிறுவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும்: திரையில் தெரிவது நேரலை இல்லை, என்றோ எடுத்த படம்.

கோட்டையையோ பழைய நகரத்தையோ பற்றிய பாடத்துக்கு இது அரைப் பங்குதான் உதவும். இன்றைய இடிபாட்டைக் காட்டும், அங்கே வாழ்ந்தவர்களைக் காட்டாது.

## டாலர் ஸ்ட்ரீட், ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்: "எப்படி வாழ்கிறார்கள்?" என்ற கேள்விக்கு

டாலர் ஸ்ட்ரீட் சுவீடனின் கேப்மைண்டர் அறக்கட்டளை நடத்தும் புகைப்படத் தொகுப்பு. உலகம் முழுவதையும் ஒரே தெருவாகக் கற்பனை செய்து, வருமானம் குறைந்த வீட்டிலிருந்து மிகுந்த வீடு வரை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பல் துலக்கும் பொருள், அடுப்பு, படுக்கை, பொம்மை என்று ஒரு பொருளைத் தேர்ந்தால் எல்லா வீடுகளிலும் அந்தப் பொருள் மட்டும் வரும். கணக்கு வேண்டாம். படங்களை மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்த உரிமமும் உண்டு.

நாட்டின் பெயரை மறைத்து ஆறு அடுப்புப் படங்களை அச்செடுத்து, "எது எந்த நாடு?" என்று குழுக்களை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தவறும். ஒரே வருமானம் உள்ள வீடுகள் வெவ்வேறு கண்டங்களில் இருந்தாலும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதைப் பார்க்கும்போதுதான் "அந்த நாட்டுக்காரர்கள் எல்லாம் இப்படித்தான்" என்ற எண்ணம் ஆட்டம் காணும். பன்முகத்தன்மை பற்றி இந்த வயதுக்கு இதைவிட நேர்மையான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதன் மறைவான செலவு பணமோ நேரமோ இல்லை, வகுப்பில் இருக்கும் ஏழைக் குழந்தையின் மனம். "உன் வீட்டில் எப்படி?" என்று மறந்தும் கேட்காதீர்கள். சிரிப்பு எழக்கூடிய படங்களை முன்கூட்டியே பார்த்து ஒதுக்குங்கள். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அதைச் செலவிட முடியாத வாரத்தில் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

அருங்காட்சியகங்களின் ஓவியங்களையும் பொருள்களையும் இணையத்தில் காட்டும் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் 2011-இல் சில அருங்காட்சியகங்களோடு தொடங்கியது, இன்று பெருங்கடல். அதுதான் அதன் சிக்கலும். "உள்ளே போய்ப் பார்" என்று குழந்தையை விட்டால் கரை சேராது. ஒரே ஒரு படத்தை எடுத்து அதிலேயே ஒரு பாடவேளை முழுக்க நிற்பதுதான் வழி. எனக்குப் பிடித்தது பீட்டர் புரூகல் 1560-இல் தீட்டிய "குழந்தைகளின் விளையாட்டுகள்". அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் 80-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இதில் நீங்கள் இன்றும் ஆடும் விளையாட்டு எது? எது காணாமல் போய்விட்டது? பொம்மைகள் எதனால் செய்தவை?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். இதே ஓவியம் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்திலும் பெரிய அளவில் கிடைக்கிறது. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நாளிலும் பாடம் நடக்கும்.

## டைம்லைன்ஜேஎஸ், ஸ்டோரிமேப்ஜேஎஸ்: "எப்போது?" என்ற கேள்விக்கு

இரண்டும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்தியாளர்களுக்காக உருவாக்கியவை. முதலாவதில் கூகுள் விரிதாளின் ஒவ்வொரு வரிசையிலும் ஆண்டு, தலைப்பு, இரண்டு வரி, பட இணைப்பு என்று நிரப்பினால் அழகான காலக்கோடு வந்துவிடும். கி.மு. ஆண்டுகளைக் கழித்தல் குறியோடு போடலாம். இரண்டாவது, நிகழ்வுகளை வரைபடத்தில் ஒவ்வோர் இடமாக நகர்த்திச் சொல்லும்.

அழகு உண்மைதான். ஆனாலும் கீழ் வகுப்புகளுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு 1500-ம் 1900-ம் இரண்டு எண்கள், அவ்வளவுதான். இடையில் எத்தனை தலைமுறை என்பது மனதில் விழ, வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கயிறு கட்டி, நூறு ஆண்டுக்கு ஒரு முழம் என்று அளந்து, அட்டைகளைக் கிளிப்பில் மாட்டினால் போதும். காலின் நடையில் காலம் புரியும். அதைத் திரை கொடுக்காது.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில், அதுவும் கயிற்றுக் காலக்கோட்டை ஒருமுறை கட்டிய பிறகு, இது நன்றாக வேலை செய்யும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சண்டைதான் இதில் உண்மையான படிப்பு. இருபது நிகழ்வுகளுக்கு மேல் வேண்டாம் என்று கருவியைச் செய்தவர்களே சொல்கிறார்கள். நான் பன்னிரண்டோடு நிறுத்திவிடுவேன்.

விரிதாளை இணையத்தில் வெளியிட்டால்தான் காலக்கோடு வரும் என்பதை மறக்காதீர்கள். இணைப்பு கிடைத்த யாரும் அதைப் படிக்கலாம் என்பதால் குழந்தைகளின் பெயரோ படமோ அதில் இருக்கவே கூடாது. பட இணைப்புகள் உடைந்தால் திருத்தும் வேலையும் உங்களுடையதுதான்.

## பேட்லெட், பகிர்ந்த ஸ்லைடுகள்: கூடிச் செய்வதற்கு

பேட்லெட் ஒரு பொதுப் பலகை. ஆசிரியர் ஒருவருக்குக் கணக்கு இருந்தால் போதும், குழந்தைகள் இணைப்பு வழியே வந்து எழுதலாம், படமும் குரலும் சேர்க்கலாம். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு தெரியும்படி அமைக்கலாம், அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். இலவசக் கணக்கில் சில பலகைகள்தான் கிடைக்கும். அதனால் பழையதை பி.டி.எஃப். ஆக எடுத்துவிட்டு அழிக்கும் பழக்கம் தேவை.

வீட்டுப் பெரியவரிடம் "உங்கள் சிறு வயதில் பள்ளிக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து வரச் சொன்னால், அந்தக் குரல்களை எல்லாம் சேர்க்க இதைவிட எளிய இடம் இல்லை. எழுதத் தடுமாறும் குழந்தையும் இங்கே சமமாகப் பங்கெடுக்கும். பெரியவரிடம் அனுமதி கேட்பது எப்படி என்பதையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.

எழுத்து வேலைதான் என்றால் பகிர்ந்த ஸ்லைடுகளே போதும். குழுவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தால் நாற்பது நிமிடத்தில் வகுப்புக்கு ஒரு புத்தகம் தயார்.

## ஸ்க்ராட்ச்: "ஏன் அப்படி முடிவு செய்தார்கள்?" என்ற கேள்விக்கு

எம்.ஐ.டி. மீடியா லேபில் பிறந்து 2007-இல் வெளியான ஸ்க்ராட்ச், 8 முதல் 16 வயது வரையானவர்களை மனதில் வைத்தது. 5 முதல் 7 வயதுக்கு ஸ்க்ராட்ச்ஜூனியர் உண்டு. இது நிரல் கற்பிக்கும் கருவி, சமூக அறிவியலுக்கு ஏன் என்று கேட்பீர்கள்.

ஓர் ஆறு, மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர். "தண்ணீர்" என்று ஒரு மாறி, அதாவது கூடவும் குறையவும் கூடிய ஓர் எண். மேல் ஊர் எடுத்தால் எண் குறையும், மிச்சம்தான் கீழ் ஊருக்கு. இந்தச் சின்ன விளையாட்டைச் செய்ய, விதிகளைக் குழந்தையே எழுத வேண்டும். யார் முதலில் எடுப்பது? எவ்வளவு? மழை குறைந்த ஆண்டில் என்ன? விதியை மாற்றினால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது உடனே தெரியும். ஏரல் கடலைப் பார்த்த வகுப்பு இதைச் செய்யும்போது, சட்டம் என்பது யாரோ எங்கோ எழுதி வைத்தது அல்ல, மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது என்பது கையில் வந்துவிடும். குடிமையியல் பாடத்துக்கு நான் கண்ட இணையக் கருவிகளில் இந்த ஆழம் வேறு எதிலும் இல்லை.

கணக்கில்லாமலே செய்து, கோப்பாகச் சேமிக்கலாம். கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். அதாவது கணக்கு, இணையம், வெளியேறும் வழி ஆகிய மூன்றிலும் முழு மதிப்பெண்.

விலை முழுவதும் நேரத்தில்தான். கட்டளைகள் எழுதிய கட்டைகளைத் திரையில் இழுத்துப் பொருத்திப் பழகவே இரண்டு பாடவேளை போய்விடும். ஸ்க்ராட்ச் திரையில் வரும் பூனையை நடனமாட வைப்பதில் பாடம் கரைந்துபோகவும் வாய்ப்புண்டு. அதனால் வெறும் திரையில் தொடங்காதீர்கள். ஆறும் இரண்டு ஊர்களும் மாறியும் உள்ள அரைகுறைக் கோப்பை நீங்களே செய்து கொடுத்து, விதிகளை மட்டும் அவர்கள் எழுதட்டும். அதற்கு முன் அதே விளையாட்டைப் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ வைத்துத் தரையில் ஒருமுறை ஆடிவிட்டால், திரையில் பாதி வேலை மிச்சம்.

## கஹூட் போன்ற வினாடி வினாக்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் காட்டும் விளையாட்டு எண்ணை (PIN) போட்டு உள்ளே வரலாம், பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம், உற்சாகம் நிச்சயம். ஆனால் வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் விளையாட்டில் யோசிக்கும் குழந்தை தோற்கும். சமூக அறிவியலில் நாம் வளர்க்க விரும்புவது அந்தக் குழந்தையைத்தான். நேரத்தை நீட்டி, ஊர்ப் பெயர், சின்னம், திசை மாதிரியானவற்றை நினைவுபடுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| கருவி | எந்தக் கேள்வி | பிள்ளைக்குக் கணக்கு | உங்கள் தயாரிப்பு | இணையம் | வெளியே எடுக்க | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|---|
| கூகுள் எர்த் | எங்கே | பார்ப்பதற்கு மட்டும் என்றால் கணக்கு வேண்டாம் | குறைவு | அதிகம் | கே.எம்.எல். கோப்பு | பழைய கணினி திணறும் |
| டாலர் ஸ்ட்ரீட் | எப்படி வாழ்கிறார்கள் | வேண்டாம் | நடுத்தரம் | அச்செடுத்தால் தேவையில்லை | படங்களாக | பிள்ளைகள் மனம் புண்படலாம் |
| ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் | எப்படி வாழ்ந்தார்கள் | வேண்டாம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | திசை தப்பும் |
| டைம்லைன்ஜேஎஸ் | எப்போது | வேண்டாம், ஆசிரியரின் விரிதாள் | அதிகம் | நடுத்தரம் | விரிதாளாக | பொதுவெளியில் தெரியும் |
| பேட்லெட் | கூடிச் செய்ய | வேண்டாம் | குறைவு | நடுத்தரம் | பி.டி.எஃப். | பலகை எண்ணிக்கைக்கு வரம்பு |
| ஸ்க்ராட்ச் | ஏன் முடிவு செய்தார்கள் | வேண்டாம் | மிக அதிகம் | நிறுவினால் தேவையில்லை | கோப்பாக | பல பாடவேளைகள் |
| கஹூட் | நினைவுபடுத்த | வேண்டாம் | குறைவு | நடுத்தரம் | தேவையில்லை | அவசரம் பழகும் |

## உங்கள் நிலைமைக்கு எது

ஒரே ஒரு திரைதான் இருக்கிறது என்றால் கூகுள் எர்த். சுட்டியை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தை ஓட்டட்டும், இன்னொன்று வழி சொல்லட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும்.

இணையம் வந்து வந்து போகும் இடமா? முந்தின நாளே அச்செடுத்த டாலர் ஸ்ட்ரீட் படங்களும், நிறுவி வைத்த ஸ்க்ராட்சும். பலர் சேர்ந்து வரையும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியை அச்செடுத்துக் கொடுத்து, படத்தில் இல்லாத கிணறு, மரம், படிக்கட்டு எல்லாவற்றையும் நடந்துபோய்க் குறித்துவரச் சொல்லலாம். அச்சிடும்போது அதன் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட்டால் போதும். அந்த வரைபடத்தை இணையத்தில் நேரடியாகத் திருத்த மட்டும் சிறுவர்களை விடாதீர்கள். அது உலகம் பயன்படுத்தும் படம்.

ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் பேட்லெட்டில் குரல் பதிவும் ஒரே ஓவியமும் தாராளம். மூன்று வாரம் கையில் இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு, இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றால் தயங்காமல் ஸ்க்ராட்சுக்குப் போங்கள்.

அடுத்த வாரமே தொடங்க வேண்டும், எதிலும் பழக்கம் இல்லை என்பவர்களுக்கு: இன்று இரவு பதினைந்து நிமிடம் ஒதுக்கி ஏரல் கடலின் டைம்லாப்ஸை நீங்கள் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு என்ன கேள்வி எழுகிறதோ அதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் படத்தை ஓட்டி, குழந்தைகளின் கேள்விகளைப் பலகையில் எழுதி முடித்த பிறகு அந்தத் தாளைப் பிரித்து வைத்துப் பாருங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியில் அடுத்த பாடவேளையைத் தொடங்கலாம்.